ஒரு வெள்ளிக்காசுக் கூலியும் ஒன்றரை லட்சம் பொற்காசு இரும்பு மனிதனும்

மந்திரத்தால் இயங்கும் இரும்பு மனிதனான இரும்புக் கோலெம் ஒன்றின் விலை 1,50,000 பொற்காசு. பயிற்சியில்லாத கூலியாள் ஒருவரின் ஒருநாள் சம்பளம் ஒரு வெள்ளிக்காசு. பத்து வெள்ளிக்காசு சேர்ந்தால் ஒரு பொற்காசு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் கூலி விவரம் ஆட்டக்காரர் கையேட்டில் இருக்கிறது. கோலெமின் விலை பூதங்களையும் விலங்குகளையும் தொகுத்த இன்னொரு நூலில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் அவசியம் எழுதியவர்களுக்கு ஏற்படவில்லை. வைத்துப் பார்த்தால் கணக்கு தலைசுற்ற வைக்கிறது. ஒரு இரும்புக் கோலெமின் விலையில் ஒரு கூலியாளை ஏறக்குறைய 4,100 ஆண்டுகளுக்கு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தை ஐந்து விழுக்காடு வட்டிக்கு விட்டால் வரும் வட்டியிலேயே 205 பேருக்கு வருடம் முழுக்கக் கூலி கொடுத்துவிடலாம், முதல் அப்படியே இருக்கும்.

தூங்காத, சாப்பிடாத, சொன்னதைச் செய்யும் மந்திர வேலையாள் வந்துவிட்டால் மனித உழைப்புக்கு வேலையே இருக்காது என்பதுதான் நம் பொதுவான எண்ணம். அரிஸ்டாட்டில் தன் ‘அரசியல்’ நூலின் முதல் பகுதியிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்: நெசவுத் தறியின் நாடா தானாக ஓடுமானால் எஜமானர்களுக்கு அடிமைகள் தேவைப்பட மாட்டார்கள். அவர் கேட்க மறந்தது, அந்த நாடாவின் விலை என்ன என்பது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியே நடத்தும் கதையாட்டம் இது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. விதிகள் தடித்தடிப் புத்தகங்களாக இருக்கும். கோழி முதல் கோட்டை வரை எல்லாவற்றுக்கும் விலை உண்டு. 2003 பதிப்பில் ஒரு கோழி இரண்டு செப்புக்காசு, ஒரு பவுண்டு கோதுமை ஒரு செப்புக்காசு, உழவு மாடு பதினைந்து பொற்காசு. ஒருநாள் கூலிக்குப் பத்துப் பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ கோதுமை வாங்கலாம். பழங்காலக் கூலிகளோடு ஒப்பிட்டால் இது மோசமான சம்பளமில்லை. ஆகவே சிக்கல் கூலி குறைவு என்பதில் இல்லை. மந்திரப் பொருட்களின் விலை வேறொரு உலகத்தைச் சேர்ந்தது.

அந்த வேறு உலகம் வீரர்களின் உலகம். ஆட்டத்தின் உச்சமான இருபதாவது லெவலை எட்டிய ஒரு பாத்திரத்திடம் 7,60,000 பொற்காசு மதிப்புள்ள சொத்து இருக்கலாம் என்று விதிநூல் அட்டவணை போட்டுச் சொல்கிறது. கூலியாளின் கணக்கில் அது இருபதாயிரம் வருட உழைப்பு. கைகாக்ஸ் தன் பழைய கையேடு ஒன்றிலேயே விலைகளை அலாஸ்கா தங்கவேட்டைக் காலத்து ஊர்களின் விலைவாசியோடு ஒப்பிட்டிருக்கிறார்: சுரங்கத்திலிருந்து தங்கம் கொட்டும் ஊரில் முட்டைக்கும் மண்வெட்டிக்கும் அநியாய விலை. ஆனால் தங்கவேட்டை ஊரில் கூலியும் சேர்ந்து ஏறும். இங்கே ஏறவில்லை. வீரர்கள் தங்களுக்குள் லட்சங்களில் வாங்கி விற்கிறார்கள். தெருவில் மண் சுமப்பவனுக்கு அதே ஒரு வெள்ளிக்காசு. வடிவமைப்பாளர்களுக்கு ஆட்டத்தின் சமநிலைதான் முக்கியம். சந்தைச் சமநிலை அவர்கள் வேலை இல்லை. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் அறியாமலே கட்டிவைத்த ஒரு பொருளாதாரம் அந்த அட்டவணைகளுக்குள் இருக்கிறது. அதன் விளைவுகளைத்தான் பார்க்கிறோம்.

இரும்புக் கோலெம் ஒரு ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட்டுக் கீழே இறங்கினாலும் நிலைமை மாறவில்லை. பிணத்துண்டுகளைத் தைத்துச் செய்யும் சதைக் கோலெம்தான் இருப்பதிலேயே மலிவு: 20,000 பொற்காசு. அதன் வட்டி மட்டுமே வருடத்துக்கு 27 கூலியாட்களின் சம்பளம். அது ஒரே ஆளாக இரவுபகலாக 27 பேர் வேலையைச் செய்தால்தான் வட்டியாவது கட்டும். சண்டை வந்தால் அதற்குப் புத்தி பேதலித்து எஜமானனையே அடிக்கும் வாய்ப்பும் விதியில் உண்டு. செலவு பணத்தோடும் நிற்பதில்லை. இரும்புக் கோலெமைச் செய்யும் மந்திரவாதி 80,000 பொற்காசு பொருட்செலவோடு, தான் இதுவரை சேர்த்த அனுபவப் புள்ளிகளில் 5,600ஐ இழக்க வேண்டும். கடையில் கிடைக்காத, கடன் வாங்க முடியாத ஒரு உற்பத்திக் காரணி அது. செய்பவனுக்குப் பதினாறாவது லெவல் வேண்டும். அட்டவணைப்படி 25,000க்கும் மேல் மக்கள் வாழும் பெருநகரத்தில்கூட அந்த லெவல் மந்திரவாதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கரேல் சாப்பெக்கின் ‘ஆர்.யூ.ஆர்.’ நாடகம் 1921இல் பிராகில் மேடையேறியது. அதில் செயற்கை மனிதர்கள் உலகை நிரப்புவது அவர்கள் மலிவு என்பதால்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கோலெம்கள் கல்லறைக் காவலுக்கு நிற்பது அவர்கள் விலை அதிகம் என்பதால். காவலுக்குக்கூட ஐந்து விழுக்காடு வட்டி கணக்குப் பார்ப்பவன் கோலெம் வாங்க மாட்டான். ஆயிரம் வருடம் கழித்துக் கிடைக்கும் பாதுகாப்பையும் இன்றைய பாதுகாப்பையும் ஒன்றாக மதிப்பவன்தான் வாங்குவான். செத்தும் சாகாத மந்திரவாதிகள்தான் அப்படி மதிப்பார்கள். நிலவறைகளில் கோலெம்கள் ஏன் எப்போதும் அவர்கள் வீட்டு வாசலிலேயே நிற்கின்றன என்பதற்கு நான் கண்டுபிடித்த ஒரே பொருளாதார விளக்கம் இதுதான்.

எலும்புக்கூடுகளின் கதை வேறு. பிணங்களை எழுப்பும் மந்திரத்துக்கு, ஒரு சாதாரண மனித எலும்புக்கூட்டுக்கு 25 பொற்காசு மதிப்புள்ள கறுப்பு ஓனிக்ஸ் கல் தேவை. ஐந்தாவது லெவல் பூசாரி ஒருமுறை மந்திரம் சொன்னால் பத்து எழும்பும்; அவருக்குத் தட்சணை 150 பொற்காசு. கல்லோடு சேர்த்தால் தலைக்கு 40 பொற்காசு, அதாவது 400 நாள் கூலி. இரவும் பகலும் இரட்டை ஷிஃப்ட் வேலை வாங்கினால் 200 நாளில் முதல் திரும்பிவிடும். உழவு மாட்டின் விலையைப்போல் மூன்று மடங்குகூட இல்லை, தீவனமும் கிடையாது. இந்த லாபத்தைப் பார்த்தால் எந்த ஜமீன்தாரும் மறுநாளே சுடுகாட்டுக்கு ஆள் அனுப்பியிருப்பார்.

அனுப்பாததற்குக் காரணம் மேற்பார்வை. எலும்புக்கூட்டுக்கு அறிவு கிடையாது. எழுப்பியவரின் வாய்ச்சொல்லுக்கு மட்டுமே அது கட்டுப்படும். அந்தப் பூசாரியால் ஒரே நேரத்தில் இருபதுக்கு மேல் கட்டுக்குள் வைத்திருக்க முடியாது. இருபது எலும்புக்கூடுகளும் இரவுபகல் உழைத்தாலும் ஒருநாள் வருமானம் நான்கு பொற்காசு. அதே பூசாரி கோயிலில் உட்கார்ந்து ஒரே ஒரு மூன்றாம் படி மந்திரத்தை விற்றால் 150. படித்த பூசாரி எதற்கு வயலில் வெயிலில் நின்று மேஸ்திரி வேலை பார்க்கப்போகிறார்? நம் ஊர்ப் பாட்டிகள் சொல்லும் கதையொன்றில் ஒருவனுக்கு அடிமையாகும் பூதம், வேலை கொடு, இல்லாவிட்டால் உன்னைத் தின்பேன் என்று நிற்கும். குளம் வெட்டி, கோட்டை கட்டி, காடு திருத்தி முடித்துவிட்டு மறுபடி வந்து நிற்கும். கடைசியில் நாய் வாலை நிமிர்த்தச் சொல்லித்தான் அவன் தப்பிக்கிறான். உழைப்பு இலவசமான பிறகு அரிதாவது உழைப்பை ஏவுபவனின் நேரம் என்பதை அந்தக் கதையைக் கட்டியவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

ஓனிக்ஸ் விதியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இத்தனை எடையுள்ள கல் என்று விதி சொல்வதில்லை. இத்தனை பொற்காசு மதிப்புள்ள கல் என்கிறது. எலும்புக்கூட்டுத் தொழில் பெருகி ஓனிக்ஸ் விலை இரட்டிப்பானால், பாதி அளவுக் கல்லே போதும். விலை எவ்வளவு ஏறினாலும் ஒரு எலும்புக்கூட்டின் செலவு மாறாது. கல் தீர்ந்துபோகும் பயமும் கிடையாது. எந்தச் சுரங்க முதலாளியும் இப்படி ஒரு விதியைக் கனவிலும் எழுதியிருக்க மாட்டான். மந்திரத்துக்குக் கல் தேவையா, விலைச்சீட்டு தேவையா என்பதை ஆட்டக்காரர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு கல்லை எடுத்துவிட்டது. ஒரு துளி ரத்தம், ஒரு துண்டு சதை, ஒரு சிட்டிகை எலும்புத் தூள் போதும். பதிலாக, இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மந்திரத்தைப் புதுப்பிக்காவிட்டால் கட்டுப்பாடு போய்விடும். ஒருமுறை சொன்னால் நான்கைத் தக்கவைக்கலாம். முதலீடு வாடகையாக மாறிவிட்டது. ஐந்தாவது லெவல் மந்திரவாதி தன் பெரிய மந்திரங்கள் இரண்டையும் இதற்கே செலவழித்தால் எட்டு எலும்புக்கூடுகள். அந்தப் பதிப்பின் கூலி இரண்டு வெள்ளிக்காசு. இரட்டை ஷிஃப்ட்டில் நாளுக்கு மூன்று பொற்காசும் சில்லறையும். அதே பதிப்பில் ஒரு கைதேர்ந்த தொழிலாளிக்கு இரண்டு பொற்காசு. வாழ்நாளெல்லாம் படித்துப் பிணம் எழுப்பக் கற்றவன் ஒன்றரைத் தச்சனின் சம்பளம் வாங்குகிறான்.

எனக்கு உண்மையிலேயே வியப்பைத் தந்தது எந்தப் பூதமும் அல்ல, ஒரு யாழ். 2003 பதிப்பில் ‘கட்டுமான யாழ்’ என்று ஒரு மந்திரப் பொருள் இருக்கிறது. யாழிசையால் தீப்ஸ் நகரத்து மதிலைக் கட்டிய ஆம்ஃபியான் என்ற கிரேக்கப் புராண நாயகனை நினைவூட்டும் பொருள் அது. விலை 13,000 பொற்காசு. வாரம் ஒருமுறை அதை மீட்டலாம். அரைமணி நேரம் மீட்டினால் நூறு பேர் மூன்று நாள் உழைத்த அளவுக்குக் கட்டடமோ சுரங்கமோ வாய்க்காலோ உருவாகிவிடும். முதல் ஒரு மணி நேரத்துக்கு எந்தத் தேர்வும் இல்லை. ஒரு மணி நேரம் என்றால் 600 ஆள் நாள், அதாவது 60 பொற்காசு. வருடத்துக்கு 3,120. முதலீட்டின்மேல் 24 விழுக்காடு வருமானம்! அதன்பின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பகடை உருட்டி இசைத் திறனை நிரூபிக்க வேண்டும். தவறினால் அடுத்த வாரம்தான். நல்ல வித்துவானாக இருந்து எட்டு மணி நேரம் கச்சேரி செய்தால் ஒரே நாளில் 4,800 ஆள் நாள் வேலை முடிந்துவிடும். வாரத்துக்கு ஆறு நாள் உழைக்கும் 800 கட்டடத் தொழிலாளிகளின் பிழைப்பு ஒரு கச்சேரியில் போய்விடுகிறது.

விதிநூலின் எந்த ஓரத்திலும் அபாயம் என்று குறிக்கப்படாத பொருள் இது. மனித வடிவில் நடந்து வரும் கோலெமைப் பார்த்துத்தான் கூலியாள் பயப்படுவான். அவன் வேலையைப் பறிக்கப்போவது வித்துவான் மடியில் இருக்கும் யாழ். மனிதனைப்போலவே ஒன்றைச் செய்து மனிதன் செய்வதையே அதனிடம் வாங்குவது எப்போதும் மோசமான முதலீடு. இயந்திரம் மனிதனைப் பின்பற்றாதபோதுதான் மனிதனை மிஞ்சுகிறது.

இதற்கு வரலாற்றில் ஒரு இணை இருக்கிறது. பல நூல்களை ஒரே நேரத்தில் நூற்கும் ஜென்னி இயந்திரம் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேகமாகப் பரவியது, பிரான்சில் மெதுவாக, இந்தியாவில் பரவவில்லை. பொருளாதார வரலாற்றாளர் ராபர்ட் ஆலன் இதைக் கணக்குப்போட்டுக் காட்டினார். இங்கிலாந்தில் கூலி அதிகம் என்பதால் இயந்திரம் லாபம். கூலி குறைந்த இந்தியாவில் அதே இயந்திரம் நட்டம். அறிவோ துணிவோ இல்லாமல் போனதல்ல காரணம். ஒரு வெள்ளிக்காசுக் கூலி நாட்டில் இரும்புக் கோலெம் வேலைக்கு வராததற்கும் இதே விளக்கம் பொருந்தும்.

அப்படியானால் செயற்கை மனிதர்களைப் பெருவாரியாக யார் வாங்குவார்கள்? இந்தக் கேள்விக்கு உருப்படியாகப் பதில் சொன்ன கற்பனை உலகம் எபெரான். ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2002இல் புதிய உலகம் ஒன்றுக்குப் போட்டி வைத்தது. வந்து குவிந்த ஏறத்தாழ 11,000 படைப்புகளில் கீத் பேக்கருடையது வென்றது; 2004இல் நூலாக வந்தது. அங்கே மந்திரம் ஒரு தொழில்துறை. மின்னல் ரயில் ஓடுகிறது, வான்கப்பல் பறக்கிறது, தெருவிளக்கு மந்திரத்தில் எரிகிறது. குலக்குறி பெற்ற குடும்பங்கள் ஒவ்வொரு தொழிலையும் ஏகபோகமாக வைத்திருக்கின்றன. படைப்புக் குறி பெற்ற கேனித் குடும்பம்தான் வார்ஃபோர்ஜ்டுகளைச் செய்தது. கல்லும் மரமும் உலோகமும் சேர்ந்த உடல். உண்ண, உறங்க, மூச்சுவிடத் தேவையில்லை. ஆனால் சிந்திக்கும், வருந்தும், நட்புக் கொள்ளும்.

பேக்கர் அவர்களை வயலுக்கோ சுரங்கத்துக்கோ செய்ததாக எழுதவில்லை. போருக்குச் செய்ததாக எழுதினார். அங்கேதான் கணக்குச் சரியாகிறது. கலிஃபார் பேரரசு உடைந்து ஐந்து நாடுகள் 894 முதல் 996 வரை, அந்த உலகத்து ஆண்டுக் கணக்கில், நூறு வருடம் போரிடுகின்றன. ஒரு படைவீரனை உருவாக்கப் பதினெட்டு வருடச் சோறு வேண்டும், அவன் ஒரே காலையில் செத்துப்போவான். நூறு வருடப் போரில் இளைஞர்களே தீர்ந்துபோகிறார்கள். வாங்குபவர் அரசு, அரசுக்கு வட்டிக் கணக்கைவிட எல்லை முக்கியம். 965இல்தான் சிந்திக்கும் முதல் வார்ஃபோர்ஜ்டு பிறக்கிறது. போர் எழுபது வருடம் ஆட்களைத் தின்ற பிறகு.

கார்நாத் நாடு வேறு வழியில் போனது. போரின் தொடக்கத்திலேயே அங்கே பஞ்சமும் கொள்ளைநோயும். வோல் குருதி மதத்தின் பூசாரிகளைக் கொண்டு தன் செத்த வீரர்களையே எழுப்பிப் படையில் சேர்த்தது. எந்தக் காரணி அரிதோ அதை மிச்சப்படுத்தும் நுட்பமே பிறக்கும் என்று ஜான் ஹிக்ஸ் 1932இல் எழுதினார். கார்நாத்தில் ஆள் அரிதாகும் முன்பே தானியம் அரிது. எலும்புக்கூட்டு வீரன் தானியத்தை மிச்சப்படுத்தும் கருவி. பேக்கர் ஹிக்ஸைப் படித்தாரோ இல்லையோ, எழுதியது ஹிக்ஸின் உலகம்.

994இல் சைர் நாடு முழுவதும் ஒரே நாளில் அழிந்தது. அந்த அதிர்ச்சியில் 996இல் த்ரோன்ஹோல்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. வார்ஃபோர்ஜ்டுகளுக்கு அது இரண்டு காரியங்களைச் செய்தது: அவர்கள் யாருக்கும் சொத்தல்ல, சுதந்திரமானவர்கள் என்றது, இனி அவர்களைச் செய்யக்கூடாது, அவர்களை வார்க்கும் படைப்பு உலைகளை அழிக்க வேண்டும் என்றது.

நம் உலகில், 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமைமுறையை ஒழித்தபோது எஜமானர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அதற்கான கடன் 2015இல்தான் முழுதாகத் தீர்ந்தது. அடிமைகளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பயிற்சிக்காலம் என்ற பெயரில் 1838 வரை பழைய எஜமானனிடமே உழைக்க வைத்தது. எபெரானில் அந்த இழப்பு யார் தலையில் விழுந்தது? கேனித் குடும்பம் தான் செய்ததை ஏற்கெனவே விற்றுக் காசு பார்த்துவிட்டது. இழந்தவை வாங்கிய அரசுகள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவையும் அவைதான். ஒவ்வொரு அரசும் தன் சொத்தை விட்டுக்கொடுத்தது எதிரியின் சொத்தும் போகிறது என்பதற்காக. இது கருணை மனுவாக எழுதப்பட்டது என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்தின் ஒரு பிரிவாகப் படித்தால் எல்லாம் பொருந்துகிறது. திரேன், கார்நாத் நாடுகளில் அவர்கள் நடைமுறையில் ஒப்பந்தக் கொத்தடிமைகளாகவே தொடர்கிறார்கள் என்று நூல் சொல்வதும் அதனால்தான் இயல்பாகத் தோன்றுகிறது.

சுதந்திரம் பெற்ற வார்ஃபோர்ஜ்டு ஷார்ன் நகரத்துக்கு வேலை தேடி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். சோறு வேண்டாம், வாடகை வேண்டாம். எனவே எவ்வளவு குறைந்த கூலிக்கும் வருவான், மனிதன் பட்டினி கிடப்பான் என்பது எல்லோரும் சொல்லும் கணிப்பு. எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. எண்ணிக்கை குறைவு; இனப்பெருக்கம் இல்லை; புதிதாகச் செய்யவும் தடை. சந்தையில் சில ஆயிரம் பேர் புதிதாக வந்தால் கூலி அடியோடு விழாது. அவர்களும் சந்தைக் கூலியையே வாங்குவார்கள். வாங்கியதை என்ன செய்வார்கள் என்பதுதான் முக்கியம்.

இரட்டை ஷிஃப்ட் உழைத்தால் வருடத்துக்கு 73 பொற்காசு. மனிதக் கூலியாளுக்கு அதில் பாதி வரும், அதுவும் வயிற்றுக்கே போகும். வார்ஃபோர்ஜ்டுக்கு உடம்பைச் செப்பனிடும் செலவு போக மீதி எல்லாம் சேமிப்பு. ஆயிரம் பொற்காசு பெறும் சிறு வீட்டைப் பதினான்கு வருடத்தில் வாங்கிவிடுவான். படுக்கத் தேவையில்லை, வாடகைக்கு விடுவான். முதுமையால் அவர்கள் இறந்ததாகத் தகவல் இல்லை. வருடாவருடம் அந்த 73ஐ ஐந்து விழுக்காடு கூட்டுவட்டியில் போட்டுவந்தால் நூறாவது வருடம் கையில் ஏறக்குறைய 1,90,000 பொற்காசு இருக்கும். ஒரு இரும்புக் கோலெமை வாங்கிவிட்டு மீதியும் வைத்திருக்கலாம். கூலிச் சந்தையில் மனிதனுக்குப் போட்டியாக வந்தவன், மூன்று தலைமுறைக்குப் பின் அந்த மனிதனின் கொள்ளுப்பேரனுக்கு வீட்டுக்காரனாகவும் கடன் கொடுத்தவனாகவும் இருப்பான். இடையில் ரொட்டிக் கடைக்காரரும் துணிக் கடைக்காரரும் வியாபாரம் குறைவதை உணர்வார்கள். சம்பளம் வாங்கியும் எதையும் வாங்காத வாடிக்கையாளர் யாருக்கு வேண்டும்? எல்லோரும் சேமித்தால் எல்லோரும் ஏழையாவோம் என்ற கெய்ன்ஸின் எச்சரிக்கை, வயிறே இல்லாதவர்கள் நடுவில் இன்னும் கூர்மையாகிறது.

டெர்ரி பிராட்செட் தன் டிஸ்க்வேர்ல்டு நாவல்களில் இதன் வேறொரு முனையைத் தொட்டார். அங்கே விடுதலை பெற்ற ஒரு களிமண் கோலெம் சம்பளத்துக்கு வேலை செய்து, சேர்த்த பணத்தில் மற்றக் கோலெம்களை விலைக்கு வாங்கி விடுவிக்கிறது. சேமிக்க மட்டுமே தெரிந்த தொழிலாளி சேமிப்பை எதற்குச் செலவிடுவான் என்ற கேள்விக்கு நான் படித்தவற்றில் மிக அழகான பதில் அதுதான்.

த்ரோன்ஹோல்டின் இரண்டாவது பிரிவு, உற்பத்தித் தடை, முதல் பார்வைக்குத் தேவையற்றது. செய்தவுடனே சுதந்திரமானவன் ஆகிவிடும் ஒருவனை யார் காசு கொடுத்துச் செய்வார்கள்? விற்க முடியாது, வாடகைக்கு விட முடியாது. சொத்துரிமை போனதும் உலை தானே அணைந்திருக்க வேண்டும். அப்படி அணையாமலிருக்க ஒரே வழிதான் உண்டு: அவனைக் கடனோடு பிறக்க வைப்பது. உன்னைச் செய்ய இவ்வளவு செலவானது, உழைத்துத் தீர்த்துவிட்டுப் போ என்று முதல் நாளே கணக்கு எழுதுவது.

இது கற்பனையில் மட்டும் நடக்கும் காரியமில்லை. அடிமைமுறை ஒழிந்த கரும்புத் தோட்டங்களுக்கு 1834 முதல் மொரீஷியஸுக்கும் 1838 முதல் கயானாவுக்கும் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் தமிழர் பலர். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் முறை சற்று வேறு. அங்கே சட்டப்படி எழுதிக்கொடுத்த ஆண்டுக்கணக்கு ஒப்பந்தம் இல்லை. ஆனால் கங்காணி கொடுத்த முன்பணமும் பயணச் செலவும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கடனைக் கட்டினால் விடுவிப்பேன் என்று துரை எழுதித் தரும் ‘துண்டு’ வேண்டும். புதிய துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் அவர்கள் பெயரிலேயே தொடரும். ஆளை விற்பது குற்றமான காலத்தில் ஆளின் கடனை விற்றார்கள். அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. படைப்பு உலை வைத்திருப்பவன் கையில் இப்படி ஒரு துண்டு கிடைத்தால் த்ரோன்ஹோல்டு தந்த சுதந்திரம் வெறும் காகிதம். உற்பத்தித் தடை வீணான பிரிவல்ல என்று நான் நினைப்பது இதனால்தான். பிறப்புக் கடன் என்ற ஓட்டையை அது முன்கூட்டியே அடைக்கிறது. இதை வரைந்தவர்கள் அந்த நோக்கத்தோடு செய்தார்களா என்பது வேறு விஷயம்.

எபெரானை வைத்து ஆட்டம் நடத்துபவர்கள் பெரும்பாலும் விடுதலைப் பிரிவைத்தான் கதையாக்குகிறார்கள்: அடையாளம், ஆன்மா, மனிதத்தன்மை. நல்ல கதைகள்தான். ஆனால் அந்த உலகத்து நூல்களிலேயே, ஷார்ன் நகரத்தின் அடியாழத்தில் மெரிக்ஸ் ட’கேனித் ஒரு படைப்பு உலையை ரகசியமாக ஓட்டிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறது. அதிலிருந்து வெளிவருபவர்கள் யாருடைய கணக்கில் எழுதப்படுகிறார்கள் என்பதை உங்கள் ஆட்டத்தில் யாராவது ஒருவர் கேட்க வேண்டும்.